ஆறின கஞ்சியா, ஆறவிட்ட கஞ்சியா?

நடுவர் அவர்களே, நம் குடியிருப்புப் பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் பெரியவர்களே, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பாதிக் காதால் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு வீட்டுச் சாப்பாட்டை வேளைக்கு வேளை ஆக்கிக் கொடுப்பது நல்லதா, மொத்தமாக ஆக்கிச் சேமித்துக் கொடுப்பது நல்லதா? இதுதான் தலைப்பு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதற்கப்புறம் இணை உணவோடு இரண்டு வயது வரைக்குமாவது தாய்ப்பால் என்பதில் இரண்டு அணிக்கும் சண்டை கிடையாது. ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைக்கக் கூடாது, உப்பும் சர்க்கரையும் வேண்டாம் என்பதிலும் சண்டை கிடையாது. எங்கள் சண்டை ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது. நான் சேமிக்கிற கட்சி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்று ஒரு பழமொழியை எடுத்துப் போட்டார். அரங்கமே கைதட்டியது. முன்வரிசையில் எல்லோரையும் விடப் பலமாகத் தட்டியவர் என் மாமியார். இருக்கட்டும் அத்தை, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்வோம்.

அக்கா, பழமொழி சரிதான். அந்தக் கஞ்சியை ஆறவிட்டது யார்?

வேளைக்கு வேளை ஆக்குகிறோம் என்று சொல்கிற வீடுகளில் உண்மையில் என்ன நடக்கிறது? என் வீட்டையே சொல்கிறேன். எனக்குச் செங்கல்பட்டிலிருந்து காலை ரயில். மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது வேலைக்குத் திரும்பினேன். விடியற்காலை ஐந்தரைக்குப் பருப்பும் சாதமும் குழைய வேகவைத்து, மசித்து, ஒரு சொட்டு நெய் விட்டு, ஹாட்பேக்கில் போட்டு மூடிவிட்டு ஓடுவேன். பத்து மணிக்கு அதில் கொஞ்சம், மதியம் கொஞ்சம், சாயங்காலம் நான் வரும் வரைக்கும் மிச்சம். கேட்டால் "இன்றைக்கு ஆக்கியதுதானே" என்போம். இன்றைக்கு ஆக்கியதுதான். இன்றைக்கே கெட்டும் போயிருக்கும்.

ஏன் என்றால் கிருமிக்கு நாள், கிழமை தெரியாது. சூடு மட்டும்தான் தெரியும். 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் சோம்பிக் கிடக்கும், 60 டிகிரிக்கு மேலே இருந்தால் பெருகாது. நடுவில் இருக்கிற வெதுவெதுப்பு இருக்கிறதே, அதுதான் அதற்குக் கல்யாண வீடு. வசதியான சூட்டில் சில கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஹாட்பேக் பதினொரு மணிக்கு வெதுவெதுப்பாகிறது, குழந்தை தூங்கி எழுந்து இரண்டு மணிக்குச் சாப்பிடுகிறது என்று வையுங்கள். மூன்று மணி நேரத்தில் ஒன்று 512 ஆகிவிடும். சாதத்தில் வரும் ஒரு கிருமியின் வித்து, வேகவைத்தாலும் சாகாது. வெந்த சோறு ஆறும்போது முளைத்து எழும். குக்கர் விசில் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

சரி, நான் இப்போது என்ன செய்கிறேன்? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம். பாசிப்பருப்பு ஒரு குக்கர், மஞ்சள் பூசணி ஒரு தட்டு, எலும்பில்லாத கோழி கால் கிலோ. தனித்தனியாக வேகவைத்து, மசித்து, அகலமான தட்டில் பரப்பி, தட்டை ஐஸ் தண்ணீர் ஊற்றிய பேசினில் மிதக்க விடுவேன். இருபது நிமிடத்தில் ஆறிவிடும். அடுப்பை அணைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரீசருக்குள் போயாக வேண்டும் என்பது கணக்கு. ஐஸ் டிரேயில் ஊற்றி, உறைந்ததும் கட்டிகளைத் தட்டி எடுத்து, மூடி உள்ள டப்பாவில் போட்டுத் தேதி எழுதிவிடுவேன். ஃப்ரீசரில் ஒரு மாதம், அதற்கு மேல் போனால் தூக்கிப் போட்டுவிடுவேன். கீழ்த்தட்டில் வைத்தால் அதிகபட்சம் இரண்டு நாள். கோழி, முட்டை என்றால் ஒரே நாள்.

எதிரணியில் ஒருவர் "ஃப்ரீசரில் கிருமி செத்துவிடுமா?" என்று கேட்டார். சாகாது ஐயா, தூங்கும். அதனால்தான் கட்டியை மேடையில் வைத்து உருக விடுவதில்லை. கிண்ணத்தில் போட்டு நேராக அடுப்பு, நடுவில் ஆவி பறக்கும் வரைக்கும் கிளறி, ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுப்பது. ஒருமுறை சூடாக்கியது மறுபடி ஃப்ரிட்ஜுக்குப் போகாது. பிள்ளை வாய் வைத்த ஸ்பூன் பட்ட மிச்சமும் போகாது. அந்த மிச்சக் கஞ்சி அரை மணியில் தண்ணீர் மாதிரி நீர்த்துப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எச்சில் உள்ளே போய் மாவுச்சத்தைக் கரைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்து மிக்ஸி. இந்த மேடையில் யாரும் மிக்ஸியைப் பற்றிப் பேசவே இல்லை. ஆறு மாதக் குழந்தை ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு இரண்டு, மூன்று ஸ்பூன் சாப்பிடும். இரண்டு ஸ்பூன் கோழியை மிக்ஸி ஜாரில் போட்டு ஓட்டிப் பாருங்கள். கறி எல்லாம் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிளேடு காற்றில் சுற்றும். வழித்துப் போட்டு மறுபடி ஓட்டுவோம். அப்புறம் பொறுமை போய் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுவோம். அரைபட்டுவிடும், ஆனால் அது சாப்பாடாக இருக்காது, ரசமாக இருக்கும். ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கிற பதம் வேண்டும் என்று சொல்கிறார்கள். சின்ன வயிற்றில் தண்ணீரை நிரப்பினால் சத்துக்கு இடம் ஏது? கால் கிலோவாகப் போட்டு அரைத்தால் தண்ணீரே வேண்டாம், கெட்டியாக வரும். (எட்டு மாதத்துக்கு மேல் மிக்ஸியை ஓரம் கட்டிவிட்டுக் கையால் மசியுங்கள். பிள்ளை மெல்லப் பழக வேண்டும்.)

மிக்ஸிக்குப் பயந்து என்ன செய்கிறோம்? எது சுலபமோ அதையே தினமும் கொடுக்கிறோம். இன்றைக்கும் அரிசிக் கஞ்சி, நாளைக்கும் அரிசிக் கஞ்சி. ஆறு மாதம் ஆனதும் பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்தின் இருப்பு குறைந்துவிடுகிறது. அரிசிக் கஞ்சி அதை ஈடுகட்டாது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள இந்தியக் குழந்தைகளில் போதிய உணவு பெறுபவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர்தான். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ரத்தசோகை தமிழ்நாட்டிலேயே பாதிக்கு மேல். வறுமை பெரிய காரணம், மறுக்கவில்லை. வசதியுள்ள வீட்டில் காரணம் அலுப்பு. என் டப்பாவில் நான்கு நிறக் கட்டிகள் இருக்கும். ஒரு பருப்பு, ஒரு பூசணி, ஒரு கோழி என்று எடுத்தால் ஐந்து நிமிடம்.

எதிரணித் தலைவர், "எங்கள் பாட்டி சேமித்தாரா?" என்று உணர்ச்சிவசப்பட்டார். ஐயா, உங்கள் வீட்டுச் சத்துமாவு எங்கே இருக்கிறது? எவர்சில்வர் டப்பாவில், மூன்று மாதமாக! ராகியை ஊறவைத்து, துணியில் மூட்டை கட்டி முளைக்கவிட்டு, மாடியில் காயவைத்து, வறுத்து, மில்லுக்குக் கொண்டு போனது எதற்கு? சேமிக்கத்தான். பாட்டி வெயிலை வைத்துத் தண்ணீரை வெளியே எடுத்தார். நான் ஃப்ரீசரை வைத்துத் தண்ணீரைக் கட்டிப்போடுகிறேன். இரண்டு பேரும் கிருமிக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்கிறோம். மில்லில் என் மாமியார் தூக்குவாளியை நீட்டுவதற்கு முன் "இதுக்கு முன்னாடி என்னப்பா அரைச்சே?" என்று கேட்பார். மிளகாய் என்று சொல்லிவிட்டால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுவார். அந்த எச்சரிக்கைதான் எனக்கும் பாடம். ஆனால் அத்தை, அந்த மாவில் வேர்க்கடலையும் பாதாமும் சேர்த்து இரண்டு கிலோ அரைத்து வைப்பது மட்டும் வேண்டாம். கொட்டைகளின் எண்ணெய் காறிப்போகும். கால் கிலோ போதும்.

"கரண்ட் போனால்?" என்று ஒரு கேள்வி. நல்ல கேள்வி, நம் ஊர்க் கேள்வி. நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் இரண்டு நாள்கூடத் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள், கீழ்த்தட்டு நான்கு மணி நேரம். நான் ஊருக்குப் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, ஐஸ் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் சரி. அடியில் கிடந்தால், நாம் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. டப்பா குப்பைக்கு.

ஒன்றே ஒன்றில் எதிரணிக்கு வழிவிடுகிறேன். கீரை. வெந்த கீரையை வெளியே வைத்தால் அதில் இருக்கும் நைட்ரேட்டைக் கிருமிகள் நைட்ரைட்டாக மாற்றும், சின்னக் குழந்தைக்கு அது ஆகாது. கீரை அன்றன்றுதான். வாழைப்பழமும் அப்படித்தான், உரித்து மசிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? உருளைக்கிழங்கை உறையவைத்தால் மணல் மணலாகிவிடும், என் மகளே துப்பிவிட்டாள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரு நிமிடம். நான் மேடையில் நிற்கிறேன். என் மாமியார் முன்வரிசையில் எதிரணிக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறார். அப்படியானால் ஒன்பது மாதக் குழந்தைக்கு இந்த ராத்திரிச் சாப்பாட்டை யார் கொடுப்பது? அடுப்பங்கரையில் தீப்பெட்டி எங்கே என்று கேட்கிற என் வீட்டுக்காரர்தான். இரண்டு கட்டியை எடுத்துச் சூடாக்க அவருக்கும் தெரிந்துவிட்டது. நான் மேடை ஏறும்போது போன் செய்தார்: "இந்த ஆரஞ்சு நிறக் கட்டி பூசணியா, கேரட்டா?"

டப்பாவில் தேதி எழுதியிருந்தேன். பெயர் எழுத மறந்துவிட்டேன்.