பாட்டி கொடுத்த படி

அவைத்தலைவர் டத்தோ அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, மகளிர் பிரிவுச் சகோதரிகளே, இந்த வெயிலிலும் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களே, அனைவருக்கும் வணக்கம். டத்தோ எனக்குப் போர்த்திய பொன்னாடை, காலையிலிருந்து நாற்காலி சுமந்த தம்பிமாருக்கும் உரியது.

"கல்லுக்குள் தேரைக்கும் படியளப்பான்." இதைச் சொல்லாமல் நான் மேடை விட்டு இறங்கியதில்லை. அந்தப் படியைத்தான் இன்று பேசப் போகிறேன்: அளக்கும் படி, ஏறும் படி என இரண்டு.

பழைய வாய்பாட்டில் 8 படி ஒரு குறுணி. அளவையோடு நின்றதா அந்தச் சொல்? வாசலில் படி. அலமாரியில் தூசி படிகிறது. பிள்ளைக்குத் தலையைப் படிய வாருகிறோம். விலை படியாவிட்டால் அடுத்த மீன்கடைக்கு நகர்கிறோம். சம்பளத்தில் பயணப்படி. பத்திரத்துக்கு நகல் எடுத்தால் அதுவும் படி.

இந்த நகலால்தான் வந்தது வினை. நான் தோட்டப் பள்ளியில் முதலாம் ஆண்டு. "பிறப்புப் பத்திரத்துக்கு ஒரு படி கொண்டு வா" என்றார் வாத்தியார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு ஓடி வருவதற்குள் பத்திரம் மறந்துவிட்டது. "ஆயா, வாத்தியார் படி கேட்டாரு!" பாட்டிக்கு எழுத்து தெரியாது, பசி தெரியும். "பாவம், வாத்தியார் வீட்டுல அரிசி இல்ல போல" என்று இரும்புப் படியில் தலை தட்டாமல் கோபுரமாக அரிசி அளந்து, துண்டில் முடிந்து கொடுத்தார். மறுநாள் வகுப்பே சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்று மாலை எங்கள் வாசற்படியில் வந்து நின்றார். படியை வெறுமனே திருப்பித் தரக்கூடாதே! உள்ளே ஒரு தமிழ்ப் பாடப்புத்தகம். "படிக்குப் படி, ஆயா" என்றார். பாட்டி அழுதுவிட்டார்.

ஏறும் படிக்கு வருகிறேன். தைப்பூசத்தன்று இந்த மலையின் 513 படிகளையும் பிள்ளையைத் தோளில் வைத்து ஏறுகிறோம். அதே பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியின் வாசற்படி ஏற்ற மட்டும் ஏன் இத்தனை யோசனை? 1816இல் இதே பினாங்கில் தொடங்கியது மலாயாவின் தமிழ்க்கல்வி. தேரைக்கும் படியளப்பவன் நம் பிள்ளைகளுக்கு அளந்த படி அது. மாணவர் குறைந்து ஒரு பள்ளி மூடப்பட்டால் யாரைக் குறை சொல்வோம்?

அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளைகளை இணையத்தில் பதிய உதவுவதற்கு, மண்டபத்தின் வலப்பக்கம் ஆசிரியைகள் காத்திருக்கிறார்கள். பிறப்புப் பத்திரத்துக்கு ஒரு படி மட்டும் கொண்டு வாருங்கள்.