அட்மிஷனுக்குப் பிறகு

அனைவருக்கும் வணக்கம்.

சேலத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக கம்ப்யூட்டர் பாடம் நடத்தியவன் நான். இங்கே வந்திருக்கும் பழைய மாணவர்களும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரிகளும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே பீஸ் கட்டுகிறதே சார், நாங்கள் என்ன செய்ய?"

நியாயமான கேள்வி. பொறியியல் நுழைவுத் தேர்வு 2007-லேயே போய்விட்டது. முதல் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. 2021-லிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு; அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசின் பொறுப்பு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்ற அரசுத் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. இவை எவ்வளவு பெரிய காரியங்கள் என்பது, மகனின் பீஸுக்காகத் தாலிக்கொடியை அடகு வைத்த அம்மாக்களைப் பார்த்த எனக்குத் தெரியும்.

ஆனால் பிள்ளைகள் இடறி விழும் இடம் அட்மிஷன் இல்லை. முதல் செமஸ்டர்.

அம்மாபேட்டையிலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பா பட்டு நெசவாளர். தமிழ் வழியில் படித்தவன். முதல் மாதம் வாயே திறக்கவில்லை. ஒருநாள் பைனரி எண்களை, அதாவது 0, 1 என்ற இரண்டை மட்டும் வைத்து எழுதும் எண்களை நடத்தினேன். பாதிப் பேருக்குப் புரியவில்லை. வகுப்பு முடிந்ததும் மெதுவாக வந்து, "சார், இது எங்கள் ஜக்கார்டு அட்டை மாதிரிதானே?" என்றான். சொல்லு தம்பி என்றேன். அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. அப்படி ஒவ்வொரு அட்டையாக நகர நகரச் சேலைக் கரையில் பூ விழும் என்று விரலால் மேசையில் வரைந்து காட்டினான். ஜக்கார்டு தறியின் அட்டையைப் பார்த்துத்தான் கணிப்பொறியின் முன்னோடி சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறிக்குத் துளை அட்டையை யோசித்தார். அந்தப் பாடம் இவன் வீட்டுத் தறிக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது!

அப்படிப்பட்ட பையன் அந்த செமஸ்டரில் கணக்கில் அரியர் வைத்தான். விடியற்காலையில் அப்பாவுக்குத் தறிக்கான நூல் தார் சுற்றிக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்து வருவான். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. புரோகிராமை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, லேப் நேரத்தில் அவசர அவசரமாகத் தட்டிப் பார்ப்பான். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் அன்றைய லேப் போச்சு. அப்புறம் அரியர் தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் வந்தது. சில நூறு ரூபாய்தான். வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டு, கல்லூரிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். நான் விசாரித்துக்கொண்டு போனபோது தறிக்குழிக்குள் உட்கார்ந்திருந்தான். திரும்ப அழைத்து வந்தோம், படிப்பை முடித்தான். நாங்கள் போய்ப் பார்க்காத பிள்ளைகள் எத்தனை பேரோ. அதை நினைத்தால் இன்றும் தூக்கம் வராது.

ஏற்காட்டு மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு கஷ்டம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, சாயங்காலம் கடைசி பஸ் கிளம்புவதற்குள் ஓட வேண்டும். லேப் முடிந்து சந்தேகம் கேட்க அவர்களால் நிற்க முடியாது.

அதனால் நான் உங்களிடம் பெரிய நன்கொடை கேட்கவில்லை. கல்லூரி திறப்பதற்கு முன் நான்கு வாரம் கணக்கும் ஆங்கிலமும் தமிழில் விளக்கிச் சொல்லித்தர ஆள் வேண்டும். பெங்களூரில் வேலை பார்ப்பவர்களே, நீங்கள் மாற்றிவிட்டு ஓரமாக வைத்திருக்கும் பழைய லேப்டாப் வேண்டும். தேர்வுக் கட்டணத்துக்கு ஒரு சிறு நிதி. யார் வாங்கினார்கள் என்று பலகையில் எழுதிப் போடாத நிதி. முக்கியமாக, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அண்ணனோ அக்காவோ வேண்டும். இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை என்றால் போன் போட்டு, "ஏன் வரலை, சாப்பிட்டியா?" என்று கேட்கிற ஆள்.

மேடைக்கு வலப்பக்கம் ஒரு நோட்டு இருக்கிறது. பெயரையும், வாரத்தில் எந்த நாள் உங்களுக்கு ஒழியும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.