ஒலிக்கக் கூடாத தந்திகள்

நேயர்களுக்கு வணக்கம். பாட்டின் முன்னணி மெட்டைத் தனித்தனிச் சுரங்களாக வாசிக்கும் லீட் கிட்டார் பயில்கிறவர்கள் தங்கள் வாசிப்பில் பிசிறு தட்டினால், விரல் வேகம் போதவில்லை என்று எண்ணி அதே பகுதியை இன்னும் வேகமாக வாசித்துப் பார்ப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பெரும்பாலும் குறை அவர்கள் வாசித்த சுரத்தில் இருப்பதில்லை. வாசிக்காத தந்திகளை அடக்காமல் விட்டதில்தான் இருக்கிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சுருதி சேர்த்த கிட்டாரில் மெல்லிய முதல் தந்தியை மட்டும் பலமாக மீட்டி, உடனே அதன்மேல் விரலை வைத்து நிறுத்துங்கள். அறை அமைதியாக இருந்தால் ஒரு ரீங்காரம் தொடர்வது கேட்கும். வழக்கமான சுருதியில் தடித்த ஆறாம் தந்தி நொடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்கிறது. முதல் தந்தி அதன் நான்கு மடங்காக, ஏறக்குறைய 330 முறை அதிர்கிறது. இந்த உறவினால், தொடாத தந்தியும் கூடவே ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. மின்கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே முரடாக்கும் டிஸ்டார்ஷன் சேர்த்தால் ஓங்கிய ஒலியின் உச்சி வெட்டப்பட்டு, மெலிந்த ஒலி அதற்கு இணையாக மேலெழும். அப்போது இந்த ரீங்காரமும் விரல் உராய்வும் சுரத்தோடு போட்டியிடும். இரைச்சலை அடைக்கும் கேட் பெடல் இதற்கு மருந்தாகாது. நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் வரை அது திறந்தேதான் இருக்கும்.

அடக்கும் வேலையை இரு கைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) பிடித்த கையின் உள்ளங்கை ஓரம், வாசிக்கும் தந்தியைவிடத் தடித்த தந்திகளின்மேல் படிந்திருக்கட்டும். மெல்லிய தந்திகளை, சற்றே படுக்கவைத்த இடக்கைச் சுட்டுவிரலின் அடிப்பக்கம் அழுத்தாமல் தொட்டுக்கொண்டிருக்கட்டும். அதே விரலின் நுனி, பக்கத்திலுள்ள தடித்த தந்தியை இலேசாக உரசி நின்றால் காவல் முழுமையாகும்.

இந்தக் காவல் எளிதில் தவறும் இடம் பெண்டிங், அதாவது அழுத்திய தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை உயர்த்துவது. மூன்றாம் தந்தியின் ஏழாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்) மோதிரவிரலை வைத்து, ஒரு முழுச் சுரம் (இரண்டு ஃப்ரெட் அளவு) உயரும்வரை மேல்நோக்கித் தள்ளுங்கள். ஏறும்போது எல்லாம் நன்றாகவே கேட்கும். தந்தியைப் பழைய இடத்துக்கு இறக்கும்போதுதான், விரலடியில் சிக்கியிருந்த நான்காம் தந்தி விடுபட்டுத் தானாக ஒலித்துவிடுகிறது. மோதிரவிரலுக்குப் பின்னால் நடுவிரலும் சுட்டுவிரலும் துணைநின்று, சுட்டுவிரலின் நுனி நான்காம் தந்தியை விடாமல் தொட்டிருந்தால், இறங்கும் ஓசையும் தூய்மையாக இருக்கும். இந்த ஓர் அசைவுக்கு மட்டும் தனியாக ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும் என்பது என் கருத்து.

அழுத்தத்தைப் பற்றி ஒன்று: ஃப்ரெட் கம்பியை ஒட்டி அதன் பின்னால் விரலை வைத்தால் சிறு அழுத்தமே போதும், மிகுதியாக அழுத்தினால் சுருதி ஏறிவிடும்.

டிஸ்டார்ஷன் இல்லாமலேயே பயிற்சி செய்யவேண்டும் என்று சொல்வோர் உண்டு. மீட்டல் வலுவின் ஏற்றத்தாழ்வு அதில் மறைய முடியாது என்பதால் அது பாதி சரி. ஆனால் அடக்காத தந்திகள் டிஸ்டார்ஷனில்தான் தம்மைக் காட்டிக்கொடுக்கும்; ஆகவே ஒரே பகுதியை இரண்டு விதமாகவும் வாசியுங்கள். தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 60-இல் (நிமிடத்துக்கு 60 தட்டு) வைத்து, ஒரு தட்டுக்கு நான்கு சுரம் வாசித்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் கால் நொடி கிடைக்கிறது. அதில் இடக்கை விரல் பதிவதும் பிக் படுவதும் ஒரே கணத்தில் நிகழ்கின்றனவா என்று காதால் அறியலாம். பிக்கின் நுனி மட்டுமே தந்தியைக் கடக்கட்டும். பத்து முறை பிசிறின்றி வந்த பிறகு நான்கு அல்லது ஐந்து எண் கூட்டுங்கள். பிசிறினால் தயங்காமல் பழைய எண்ணுக்குத் திரும்புங்கள்.

வாசித்ததைக் கைப்பேசியில் பதிவுசெய்து, கடைசிச் சுரத்தை நிறுத்திய பின்னரும் இரண்டு நொடி பதிவை ஓடவிட்டுக் கேளுங்கள். அந்த இரண்டு நொடியில் ஏதேனும் முனகினால், எந்தத் தந்தி என்று கண்டுபிடித்து, அதை எந்த விரல் தொட்டிருக்க வேண்டும் என்று பார்த்து, அங்கிருந்தே மறுநாள் பயிற்சியைத் தொடங்குங்கள்.