வலைப்பூவுக்குக் காசு யார் தருகிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

தையல் பற்றித் தமிழில் வலைப்பூ எழுதுகிறேன் என்று யாரிடமாவது சொன்னால், அடுத்து வரும் கேள்வி "அதுல என்ன வருது?" என்பதுதான். எழுத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதில் தப்பொன்றும் இல்லை. இன்றைக்கு அந்தக் கேள்விக்கே பதில் சொல்லுங்கள் என்று நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். கம்பெனிப் பெயர்களை முடிந்தவரை குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சரி என்றேன். ஆனால் கூகுள் பெயரை எடுக்காமல் இதைப் பேசவே முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலைப்பூவில் காசு வருமா என்றால், வரும். ஆனால் அது யார் பையிலிருந்து வருகிறது என்று முதலிலேயே யோசித்துக்கொண்டவர்கள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள்.

எல்லாரும் முதலில் நினைப்பது விளம்பரத்தை. கூகுள் 2003 பிப்ரவரியில் பிளாகர் என்ற இலவச வலைப்பூ சேவையை வாங்கியது. அதே வருடம், நம் பக்கத்தில் விளம்பரம் போட்டு அதில் நமக்கும் பங்கு தரும் ஆட்சென்ஸ் என்ற ஏற்பாட்டையும் தொடங்கியது. இடமும் அவர்களுடையது, விளம்பரமும் அவர்களுடையது, உட்கார்ந்து எழுதுவது மட்டும் நம் வேலை. தமிழில் வலைப்பதிவு பரவியதும் அந்தச் சமயத்தில்தான். பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டி 2004-ல் வந்தது. ஆனால் ஆட்சென்ஸ் தான் விளம்பரம் தரும் மொழிகளில் இந்தியை 2014-ல் சேர்த்துக்கொண்டது, தமிழைச் சேர்த்தது 2018-ல். அதுவரை தமிழில் எழுதியவர்கள் பெரும்பாலும் ஆசைக்குத்தான் எழுதினார்கள். அந்தக் காலத்துப் பதிவுகள் பலவற்றை இன்றைக்கும் எடுத்துப் படிக்க முடிகிறதென்றால், அதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்கு ஒரு எண்ணம்.

இந்த விளம்பரம் எப்படி வேலை செய்கிறது? உங்கள் பக்கத்தை ஒருவர் திறக்கிற அந்த நொடியில் ஓர் ஏலம் நடக்கிறது. அவர் எந்த ஊரில் இருக்கிறார், என்ன படிக்கிறார், இதற்கு முன் என்ன தேடினார் என்றெல்லாம் பார்த்து விளம்பரதாரர்களின் கணினிகள் விலை கேட்கின்றன. ஒரே பதிவைச் சேலத்தில் ஒருவரும் டொராண்டோவில் ஒருவரும் திறந்தால், இருவருக்கும் தெரிவது வேறு வேறு விளம்பரம், வேறு வேறு விலை. வீட்டுக் கடன், இன்சூரன்ஸ் பற்றிய பக்கத்துக்குப் போட்டி அதிகம். மழையைப் பற்றி நீங்கள் எழுதிய கவிதைக்கு யார் போட்டி போடுவார்கள்? பக்கத்துக்குப் பக்கம் வருமானம் மாறுவதற்குக் காரணம் இதுதான், உங்கள் எழுத்தின் தரத்துக்கு அதில் பெரிய பங்கில்லை. பங்குக் கணக்கு வேறு இருக்கிறது. விளம்பரதாரர் செலவழிப்பதில் சுமார் 68 சதவீதம் எழுதுகிறவருக்கு வரும் என்று கூகுள் சொல்கிறது. முன்பு பெரும்பாலும் விளம்பரத்தைத் தட்டினால்தான் காசு. 2024 தொடக்கத்திலிருந்து கண்ணில் பட்ட கணக்குக்குத் தருகிறார்கள்.

கையில் என்ன வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் முறை பக்கம் திறக்கப்பட்டால் ஒரு டாலர் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். அப்படியென்றால் ஒரு லட்சம் முறை உங்கள் பக்கங்களை யாராவது திறந்திருக்க வேண்டும். தமிழில் ஒரு தனி ஆள் எழுதும் தையல் வலைப்பூவுக்கு அது லேசில் வருகிற எண் இல்லை. அதற்காகச் சித்தி, மாமா, பக்கத்து வீட்டு அண்ணி எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி, "விளம்பரத்தை ஒரு தட்டு தட்டுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். அதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். கணக்கையே மூடிவிடுவார்கள், சேர்ந்திருந்த தொகையும் போய்விடும்.

தமிழ் வலைப்பூவுக்கு இதைவிட நல்ல விளம்பரதாரர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார் என்பது என் அபிப்பிராயம். தையல் மெஷின் உதிரி பாகம் விற்கிற கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். பாபின் கேஸ், ஊசி, பெல்ட் தேடுகிற நூறு பேர் அவருக்குப் போதும், லட்சம் பேர் வேண்டாம். மாதம் இவ்வளவு என்று பேசி, பக்கத்தின் ஓரத்தில் அவர் கடைப் பெயரும் போன் நம்பரும் போடலாம். பார்வைக் கணக்கு, ஏலம், டாலர் எதுவும் வேண்டாம். ரசீது மட்டும் ஒழுங்காகக் கொடுங்கள்.

அடுத்தது கமிஷன். ஒரு பொருளைப் பற்றி எழுதி, அதை வாங்குவதற்கான லிங்க்கையும் கொடுக்கிறோம். அந்த லிங்க் வழியாகப் போய் ஒருவர் வாங்கினால் நமக்கு ஒரு சிறு சதவீதம். அமேசான் இதை 1996-லேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. நம் லிங்க்கைத் தட்டின 24 மணி நேரத்துக்குள் அவர் வாங்க வேண்டும் என்பது பொதுவான விதி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கத்தரிக்கோல் பார்க்கப் போனவர் கத்தரிக்கோலை விட்டுவிட்டுக் குக்கர் வாங்கினாலும் அந்தக் கமிஷன் நமக்கு வரும். அதே நேரம், பொருளை அவர் திருப்பி அனுப்பிவிட்டால் கமிஷனும் திரும்பிப் போய்விடும்.

கமிஷன் என்று வந்துவிட்டால், எந்தப் பொருளையும் குறை சொல்லக் கை வராது. அங்கேதான் வாசகர் நம்பிக்கை கழன்று போகிறது. ஒரு மெஷினில் நூல் அடிக்கடி அறுந்தால், அறுகிறது என்று எழுதத்தான் வேண்டும். கம்பெனியே மெஷினை இலவசமாக அனுப்பி எழுதச் சொன்னால், இலவசமாக வந்தது என்பதைப் பதிவின் மேலேயே, கண்ணில் படும்படி எழுத வேண்டும். இது நாகரிகம் மட்டும் இல்லை. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென வழிகாட்டு விதிகளை வெளியிட்டிருக்கிறது. மக்களைத் திசைதிருப்பும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு கம்பெனி ஒரு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை உங்கள் வேலைக்காகக் கொடுத்து, நீங்களே வைத்துக்கொண்டால், 2022 ஜூலை முதல் அதற்கும் பத்து சதவீத வரிப் பிடித்தம் உண்டு. எழுதி முடித்துத் திருப்பி அனுப்பிவிட்டால் கிடையாது.

அப்புறம் ஒரு மின்னஞ்சல் வரும். வலைப்பூ கொஞ்சம் பெயர் எடுத்தவுடனே வரும். "உங்கள் தளம் மிக அருமை, எங்கள் கட்டுரை ஒன்றைப் போட்டு ஒரு லிங்க் கொடுங்கள், பணம் தருகிறோம்" என்று இருக்கும். லிங்க்கைத் திறந்து பார்த்தால் பல நேரம் அது சூதாட்டத் தளமாக இருக்கும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு விளம்பரம் செய்தாலே இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. அந்த மெயிலுக்குப் பதில்கூடப் போட வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் அடுத்தவர் சரக்கு. எனக்குப் பிடித்ததும், தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஓரளவு நிலையாக வருவதும், நம் சொந்தச் சரக்கில் வரும் காசுதான்.

தையல் வலைப்பூவுக்கு வருகிறவர்கள் சும்மா பொழுதுபோக்க வருவதில்லை. ஏதோ ஒன்று சரியாக வராமல், துணியைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். "அக்கா, பிளவுஸ் ஷோல்டர் இறங்கிட்டே இருக்கு, என்ன செய்யறது?" என்று கேட்காத ஊர் இல்லை. பின் கழுத்தை ஆழமாக இறக்கினால் கழுத்து அகலத்தைக் குறைக்க வேண்டும். இரண்டையும் தாராளமாக வைத்தால், தோளில் துணி நிற்க இடம் இருக்காது. எத்தனை அங்குல ஆழத்துக்கு எவ்வளவு அகலம் என்று படம் போட்டு ஒரு பதிவு எழுதினால், அது வருடக்கணக்கில் படிக்கப்படும். தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லி எழுதிய பதிவை மறுநாள் யார் திறக்கப்போகிறார்கள்?

அந்தப் பதிவு இலவசம். இலவசமாகவே இருக்க வேண்டும். அதைப் படித்தவர்களில் சிலருக்குக் கணக்குப் போட நேரம் இருக்காது, அல்லது தைரியம் இருக்காது. "என் அளவுக்கு வரைஞ்சு குடுத்துடுங்களேன்" என்பார்கள். அங்கேதான் விற்பனை. 32, 34, 36 என்று ஒவ்வொரு அளவுக்கும் பேட்டர்ன், அதாவது துணியில் வைத்து வெட்டுவதற்கான வரைபடம், வரைந்து, பிடிஎஃப் கோப்பாக ஒரு சிறு விலைக்கு விற்கலாம். யுபிஐ-யில் பணம் வரும், மெயிலில் கோப்பு போகும், நடுவில் ஆள் யாரும் இல்லை.

இதில் சிக்கல் எங்கே வரும் என்றால், ஜெராக்ஸ் கடையில். அச்செடுக்கும்போது கணினி, தாளுக்குள் அடங்குகிற மாதிரி படத்தைத் தானாகவே சுருக்கிவிடும். நூறுக்குத் தொண்ணூற்றைந்து சதவீதமாக வந்தால் கண்ணுக்குத் தெரியாது. 36 அங்குல மார்பளவு 34 சொச்சம் ஆகிவிடும், பிளவுஸ் தைத்து முடித்த பிறகு கொக்கி மாட்டாது. திட்டு நமக்கு வரும். அதனால் முதல் பக்கத்தின் ஓரத்தில் சரியாக ஓர் அங்குலத்துக்கு ஒரு சதுரம் வரைந்து, "டேப் வைத்து அளந்து பாருங்கள், ஓர் அங்குலம் இல்லையென்றால் துணியில் கத்தரி வைக்காதீர்கள்" என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். கடைக்காரரிடம் "ஆக்சுவல் சைஸ்" என்று சொல்லச் சொல்லியும் எழுத வேண்டும். இந்த ஒரு சதுரத்தால் குறைகிற புகார் கொஞ்சநஞ்சம் இல்லை.

கோப்பை வாங்கினவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடமாட்டாரா? போடுவார். வாங்கினவர் பெயரை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அச்சிட்டுக் கொடுத்தால் கொஞ்சம் கூச்சப்படுவார், அவ்வளவுதான். அதற்கு மேல் பூட்டுப் போட்டு நிம்மதியைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குழுவில் பார்த்தவர்களில் சிலர் ஆன்லைன் வகுப்புக்கு வருவார்கள். ஆரி ஒர்க், லைனிங் பிளவுஸ், பிரின்சஸ் கட் என்று தனித்தனியாகக் கற்றுக்கொடுக்கலாம். வகுப்பைப் பகிர்ந்துகொள்வது அவ்வளவு சுலபம் இல்லை. ஊசி பிடிக்கிற கையைப் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும்.

கதை, கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இந்த வழி கிடையாது, அவர்களுக்கு அமேசானின் மின்புத்தகச் சேவையான கிண்டில் இருக்கிறது. 2016 டிசம்பர் முதல் தமிழிலும் நாமே புத்தகம் ஏற்றலாம். ஆனால் வாசகர் படிக்கிற பக்கக் கணக்குக்குக் காசு தரும் திட்டத்தில் சேர்ந்தால், அந்த எழுத்து வேறு எங்கும் மின்வடிவில் இருக்கக் கூடாது. உங்கள் வலைப்பூவிலும் இருக்கக் கூடாது. பழைய பதிவுகளைத் தொகுத்துப் புத்தகமாக்குகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

இப்போது புதிதாக ஒரு கவலை. 2024 ஆகஸ்ட் முதல் கூகுள் இந்தியாவிலும் தேடல் முடிவுக்கு மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கத்தைக் காட்டுகிறது. கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் நம் பக்கத்துக்கு ஏன் வருவார்கள்? விளம்பரத்தை மட்டும் நம்பி எழுதுகிறவர்களுக்கு இது நேரடி அடி. பேட்டர்னும் வகுப்பும் விற்கிறவர்களுக்கு அடி கொஞ்சம் குறைவு, ஆனால் புதியவர்கள் வருவது குறையும். அதனால் வந்தவர்களைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மின்னஞ்சல் முகவரி வாங்கி வையுங்கள், அல்லது ஒரு வாட்ஸ்அப் சேனல் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் அனுப்ப வேண்டாம். புதுப் பதிவு போட்டால் மட்டும் ஒரு வரி போதும்.

கடைசியாகப் பணம் கைக்கு வந்து சேரும் விஷயம். யாரும் சொல்லித் தராத பகுதி இது. ஆட்சென்ஸ் பணம் வெளிநாட்டுப் பணமாக வங்கிக்கு வரும். அதற்கு வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு, அதாவது வெளிநாட்டுப் பணம் வந்து சேர்வதற்கான வங்கி அடையாள எண், வேண்டும். சின்னக் கிளைகளுக்குத் தனியாக அது இருக்காது, எந்தப் பெரிய கிளையின் குறியீட்டைக் கொடுப்பது என்று மேலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வருமான வரிக் கணக்கில் இதையும் காட்ட வேண்டும். சேவை வருமானம் எல்லாம் சேர்ந்து வருடம் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வரும், அது அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நம் பெண்களுக்கு இன்னொரு தொல்லை இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர், பாஸ்புக்கில் கணவர் இனிஷியல், ஆதாரில் இரண்டும் இல்லாமல் மொட்டைப் பெயர் என்று இருக்கும். விளம்பரக் கணக்கில் எந்தப் பெயரைக் கொடுக்கிறீர்களோ, அதே பெயர் வங்கியிலும் இருக்க வேண்டும். கணக்குத் திறக்கும் முன்பே இதைச் சரிசெய்துகொண்டால் பின்னால் அலைச்சல் இல்லை. ஆட்சென்ஸ் வருமானம் பத்து டாலரைத் தொட்டதும் உங்கள் முகவரி உண்மையா என்று பார்க்க ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். பதிவுத் தபால் இல்லை, சாதாரணத் தபால்தான். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைப் போடவில்லையென்றால் விளம்பரம் நின்றுவிடும். வந்து சேர மூன்று நான்கு வாரம் ஆகலாம், பார்ப்பதற்கு ஏதோ விளம்பர நோட்டீஸ் மாதிரி வேறு இருக்கும். தெருவுக்கு வரும் போஸ்ட்மேனிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

வணக்கம்.