செடி வளர்க்கிற மீன் தொட்டிக்கு எல்இடி லைட்: எவ்வளவு போடணும், எப்போ அணைக்கணும்?

[காட்சி: கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றுப் பாசன வாய்க்கால். தண்ணிக்குள்ள ஆடுற வேலம்பாசி.]

வணக்கம். இந்த வேலம்பாசி, கரையோரம் படர்ந்திருக்கிற நீர்ப்பிரம்மி, வயலுக்குள்ள முளைக்கிற ஆரைக்கீரை மூணுமே மீன் தொட்டிக்கு அருமையான செடிங்க. நமக்கு வாய்க்கால்ல கை விட்டாலே கிடைக்குது. பூச்சிமருந்து அடிச்ச வயல் தண்ணி பட்டிருக்கும். அதனால ஒரு வாரம் பத்து நாள் தனி வாளியில போட்டு, தண்ணியை மாத்தி மாத்தி வெச்சுட்டு அப்புறம் மீனோட விடுங்க.

வீட்டுக்குள்ள கொண்டுவந்ததும் இதுங்களுக்கு இல்லாமப் போறது வெயில். அதுக்காக முத்தத்துலயோ மேக்கு ஜன்னல் பக்கமோ தொட்டியை வெக்காதீங்க. அந்த வெயிலை நம்மால கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

[காட்சி: 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி.]

இது சுமார் 56 லிட்டர். இந்த மாதிரி எளிய செடிங்களுக்கு லிட்டருக்கு 20 லூமன் போதும். மொத்தம் 1,100 லூமன் வருது. டப்பாவுல வாட்ஸைப் பார்க்காதீங்க, அது கரண்ட் செலவு. லூமன்தான் வெளிச்சம். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமன் கிட்ட கொடுக்கும். அப்போ வீட்டுக்கு வாங்குற 2 அடி, 10 வாட் பேட்டனே, அதாவது டியூப் லைட் மாதிரி நீளமான எல்இடியே போதுமானது. நிறத்துக்கு 6500 கெல்வின், டப்பாவுல கூல் டேலைட்னு போட்டிருக்கும். ஊதாவா எரியுற லைட்தான் செடிக்கு நல்லதுன்னு விப்பாங்க. நீலமும் சிவப்பும் செடிக்கு வேணும்தான், ஆனா வெள்ளை எல்இடியிலயே ரெண்டும் இருக்கு. அதுல இலையோட நிஜப் பச்சையையும் பார்க்கலாம்.

[காட்சி: இலை மேல நூல்பாசி, மிக அருகில்.]

இப்போ முக்கியமான விஷயம். என் முதல் தொட்டிக்கு ரெண்டு லைட் போட்டு, காலையில ஆறு மணியிலிருந்து ராத்திரி பத்து வரைக்கும் எரியவிட்டேன். மூணாவது வாரம் நீர்ப்பிரம்மி இலையே தெரியல, தலைமுடி மாதிரி பச்சை நூல் சுத்திக்கிடுச்சு. ஏன்னு புரிய எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. வெயில் மட்டும் அடிச்சா உரமில்லாத வயல் வெளுத்துத்தான் நிக்கும், இல்லையா? அதேதான் இங்கேயும். தண்ணிக்குள்ள கார்பன் டை ஆக்சைடு பரவுறது, காத்துல பரவுறதைவிட சுமார் 10,000 மடங்கு மெதுவு. லைட்டைக் கூட்டினா செடிக்குப் பசி கூடும், சாப்பாடு கூடாது. செடி தளர்ந்து நிக்க, மிஞ்சின வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வெக்காத தொட்டிக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துல ஆரம்பிங்க.

[காட்சி: பிளக்கில் மாட்டிய டைமர்.]

கையால போட்டு அணைக்கிறது ஒரு வாரம்கூட ஒழுங்கா நடக்காது. டைமர் வாங்குங்க. பல்லு பல்லா இருக்கிற சுத்துற டைமர் விலை குறைவு, ஆனா கரண்ட் போனா அதுவும் நின்னுடும். பராமரிப்புன்னு பகல் பூரா கரண்ட் நிறுத்துற நாள் நம்ம ஊர்ல இருக்கே, அன்னைக்கு ஏழு மணி நேரம் நின்னா, அப்புறம் தினமும் ஏழு மணி நேரம் தாமதமா, நடுராத்திரியில எரியும். உள்ளே பேட்டரி இருக்கிற டிஜிட்டல் டைமர்னா நேரம் தப்பாது. நான் மதியம் மூணுலேருந்து ஒம்பது வரைக்கும் வெச்சிருக்கேன், வேலை முடிஞ்சு வந்து உக்கார்ந்து பார்க்கலாம்.

வெளிச்சம் அதிகமா இருந்தா, 12 வோல்ட் லைட்டுக்கு அடாப்டருக்கும் லைட்டுக்கும் நடுவுல எல்இடி டிம்மர் போடலாம். ஃபேன் ரெகுலேட்டர் போடாதீங்க, லைட் மினுமினுக்கும், லைட்டுக்குக் கரண்டைச் சீராக் கொடுக்கிற டிரைவரும் போயிடும். பேட்டனா இருந்தா அரை அடி உயர்த்திக் கட்டினாலே குறையும். வயரை பிளக்குக்குக் கீழ ஒரு வளைவா இறக்கி, அப்புறம் மேல ஏத்துங்க. வயர்ல வழியுற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும், பிளக்குக்குள்ள போகாது.

[காட்சி: நீர்ப்பிரம்மித் தண்டு, இலைக்கணுக்கள் நடுவே விரலால் அளக்கிறார்.]

மீதியைச் செடியே சொல்லும். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு மெலிஞ்சு மேல ஓடுதா? வெளிச்சம் பத்தல. அரை மணி நேரம் கூட்டுங்க. கண்ணாடியில பச்சை ஏறுதா? ஒரு மணி நேரம் குறைங்க. எதை மாத்தினாலும் ரெண்டு வாரம் பொறுத்துப் பாருங்க. நேரத்தையும் உரத்தையும் ஒரே நாள்ல மாத்தினா, எது வேலை செஞ்சதுன்னே தெரியாது.

[காட்சி: மாலை ஏழு மணி. வேலம்பாசி நுனியிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் வரிசையா மேல ஏறுது.]

இந்தக் குமிழ் ஆக்சிஜன். லைட் போட்டு நாலு மணி நேரம் ஆச்சு, இன்னும் ரெண்டு மணி நேரத்துல அணைஞ்சிடும்.