இரண்டு காலண்டர்

(ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியின் முதலாண்டு மாணவர் வரவேற்பு விழாவில் பேசியது)

முதல்வர் ஐயாவுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும், பின்வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிற பெற்றோருக்கும், தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

புத்தி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் காலண்டரைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

நம் கரையில் வீட்டுக்கு இரண்டு காலண்டர். ஒன்று கடலுடையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கும். மற்றது கல்லூரியுடையது. ஏப்ரலில் செமஸ்டர் தேர்வு, ஜூனில் அடுத்த ஆண்டுக் கட்டணம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் காசு வற்றிக் கிடக்கிற நேரம் பார்த்துத்தான் கல்லூரி கை நீட்டுகிறது. தடைக்கால நிவாரணமாக அரசு 8,000 ரூபாய் தருகிறது. அது போன வழி மளிகைக்கடை நோட்டுக்குத்தான் தெரியும். "அதான் தடை முடிஞ்சிருச்சே, கட்ட வேண்டியதுதானே?" என்று கேட்பவர் உண்டு. முதல் ஓட்டத்துக் காசு டீசலுக்கும் ஐஸுக்கும் போகும். மிச்சம், படகைப் பழுது பார்த்த கடனுக்கு. அப்புறமும் ராமேஸ்வரத்துப் படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். ஆக, கட்டணத்துக்கென்று நாலு காசு ஒதுங்க ஜூலை பிறந்துவிடும்.

இது எனக்கே புரிய வெகுநாள் ஆனது. நானும் வாத்தியார்தானே.

இரண்டாமாண்டு படித்த பாம்பன் பையன் ஒருவன். பெயர் வேண்டாம். ஒரு செமஸ்டரில் அவன் வருகை 68 சதவீதம். 75 இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். வகுப்புப் பொறுப்பாளர் நான். "மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டு வா, பார்த்துக்கலாம்" என்றேன். பெரிய மனது பண்ணிச் சொன்னதாக எனக்கு நினைப்பு.

பையன் நகரவில்லை. "காய்ச்சல் எனக்கு இல்ல சார். அப்பா யாழ்ப்பாணத்துல இருக்காரு."

இலங்கைக் கடற்படை படகோடு பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. மூன்று வாரமாக இவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மீன்துறை அலுவலகத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைந்திருக்கிறான். பழைய விடுப்புக் கடிதங்களைப் புரட்டினேன். காரணம் எழுதுகிற இடம் விரற்கடை அகலம்தான். எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் "சொந்த வேலை" என்றிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து. ஒரு தடவைகூட 'என்னப்பா வேலை?' என்று நான் கேட்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அவனைக் கேட்பது சுலபம். சொன்னால் வகுப்பில் தெரியும், தெரிந்தால் பாவம் பார்ப்பார்கள். பதினெட்டு வயதில் பசியைக்கூடத் தாங்கலாம், அதைத் தாங்க முடியாது. உங்களில் பல பேர் வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி. அரியர் என்றால் என்ன, இன்டர்னல் 25 மார்க்கை யார் போடுவது, பாடம் முழுக்க இங்கிலீஷில் ஓடினால் எங்கே நிறுத்தச் சொல்வது? வீட்டில் கேட்க ஆள் கிடையாது. வகுப்பில் கேட்க வாய் வராது. மார்க்கைவிட இந்த வாயடைப்புதான் முதல் செமஸ்டரில் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துகிறது.

ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாமை இழுக்காமல் இந்த ஜில்லாவில் மேடை இறங்க முடியாது. எல்லாரும் அவர் கண்ட கனவைச் சொல்வார்கள். நான் வளையலைச் சொல்கிறேன். சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேரப் பணமில்லாதபோது அவருடைய அக்கா ஜொஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அதை அவர் ஒளிக்கவில்லை, ஊரறியச் சொன்னார். பணமில்லை என்று சொல்ல அவரே கூசாதபோது உங்களுக்கு என்ன கூச்சம்?

ஒரு காரியம். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், 2022-இல் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024-இல். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், ஆதாரோடு இணைந்து இருக்கட்டும். "எனக்கு மட்டும் வரல" என்று ஒரு வருஷம் மனசுக்குள் புழுங்காமல், வராத மாதமே ஆபீசில் போய் நில்லுங்கள்.

கடைசியாக ஒன்று, பிள்ளைகளிடம் அல்ல. ஐயா, கடல் காலண்டரை மாற்ற முடியாது, மீன் முட்டையிடுகிற காலம் அது. கல்லூரி காலண்டர் நாம் அச்சடிப்பதுதானே? கட்டணத்தின் கடைசித் தேதியை ஜூலைக்குத் தள்ள முடியுமா? விடுப்புக் கடிதத்தில் காரணத்துக்கு இன்னும் நாலு வரி இடம் விட முடியுமா?

முதல்வர் தலையாட்டுகிறார். 'சரி' என்றா 'பார்ப்போம்' என்றா என்று இறங்கிவந்து கேட்டுக்கொள்கிறேன்.