பீத்தோவனை 12 எண்ணிக்கைக்குள் இழுத்த கட்டைவிரல்: மொரோன் ஊரின் டியேகோ தெல் கஸ்தோர்

[திரையில்: கருப்பு வெள்ளைக் காட்சி. நாற்காலியில் கிதாருடன் ஒரு பெரியவர், சுற்றிலும் கைதட்டும் ஆட்கள்]

வணக்கம் நண்பர்களே. பீத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' உங்கள் எல்லோருக்கும் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் மெட்டு தெரியும். கீபோர்டு வகுப்புக்குப் போன பிள்ளை வீட்டில் இருந்தால் நூறு தடவை கேட்டிருப்பீர்கள். அந்த மெட்டை ஸ்பெயினின் ஒரு சிற்றூரில், விடிய விடிய நடக்கும் பாட்டுக் கூட்டத்தில், ஒரு கிதார்க் கலைஞர் ஃபிளமெங்கோ என்ற தெற்கு ஸ்பெயின் இசையின் தாளத்துக்குள் இழுத்து வந்தார். கேட்கும்போது 'ஃபூர் எலீஸ்' என்று தெரியும். ஆனால் அது அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மெட்டு போலவும் இருக்கும்!

அவர் பெயர் டியேகோ தெல் கஸ்தோர். பெரிய மேடைகளைத் தேடிப் போகாதவர். தன் பெயரில் இசைத்தட்டு போட்டுப் புகழ் தேடும் ஆசை அவருக்கு இருந்ததில்லை. அவர் இறந்து 50 ஆண்டு தாண்டிவிட்டது. இன்றும் கலிஃபோர்னியாவிலும் ஜப்பானிலும் அவர் வாசித்த துணுக்குகளைக் கற்கிறவர்கள் இருக்கிறார்கள். எப்படி?

பின்னணியை வேகமாகப் பார்த்துவிடலாம். இயற்பெயர் டியேகோ அமாயா ஃப்ளோரெஸ். 1908-இல், தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியாவில், ஒரு கித்தானோ குடும்பத்தில் பிறந்தார். ஸ்பெயினின் ரோமா (ஜிப்சி) மக்களைத்தான் கித்தானோ என்கிறார்கள். சிறுவயதில் வளர்ந்த எல் கஸ்தோர் என்ற ஊர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வாழ்ந்ததும் 1973-இல் இறந்ததும் மொரோன் தெ லா ஃப்ரோந்தேராவில். செவில்லா நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். சுண்ணாம்புக்குப் பேர்போன ஊர். சரி, பின்னணி போதும்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.

[திரையில்: கடிகாரம் போன்ற வட்டம், 12 புள்ளிகள்]

மொரோனின் உயிர் புலேரியா என்ற வடிவத்தில் இருக்கிறது. அதற்கு 12 எண்ணிக்கை. ஃபிளமெங்கோவில் இந்தத் தாளச் சுற்றை 'கொம்பாஸ்' என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், எண்ணிக்கை ஒன்றில் தொடங்காது, பன்னிரண்டில் தொடங்கும். என்னோடு சேர்ந்து தட்டுங்கள். அடித்துச் சொல்லும் எண்ணில் மட்டும் கைதட்ட வேண்டும்.

*பன்னிரண்டு*, ஒன்று, இரண்டு, *மூன்று*, நான்கு, ஐந்து, *ஆறு*, ஏழு, *எட்டு*, ஒன்பது, *பத்து*, பதினொன்று.

இன்னொரு முறை. நடுவில் நிறுத்தாமல் அடுத்த சுற்றுக்குப் போங்கள்.

ஏதோ தடுக்குகிறதா? முதல் இரண்டு இடைவெளியும் மூன்று மூன்று. ஆறிலிருந்து இரண்டு இரண்டாகக் குறுகிவிடுகிறது. நிதானமாக நடந்து வந்தவர் திடீரென்று எட்டி நடை போடுவது மாதிரி. இன்னொரு நுட்பம்: இசை வாக்கியம் பெரும்பாலும் பத்தில் போய் முடிகிறது. பத்தில் 'டக்' என்று மூடிவிட்டால், பதினொன்று காலியாக நிற்கும். அந்தக் காலி இடத்தில்தான் டியேகோவின் மேதைமை இருக்கிறது.

மற்றவர்கள் அதைச் சுரங்களால் நிரப்பிவிடுவார்கள். டியேகோ விட்டுவிடுவார். சில சமயம் ஒரு முழுச் சுற்றுக்குக்கூட ஓரிரு சுரம் மட்டும் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவார். சுற்றியிருப்பவர்களின் கைதட்டு தாளத்தைச் சுமந்துகொண்டு ஓடும். நாம் 'எங்கே போனார்?' என்று தேடும்போது, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரே ஒரு தடித்த கம்பி அதிரும். அறையில் இருப்பவர்கள் ஓலே (நம் 'சபாஷ்' போல) என்று கத்துவது அந்த நொடியில்தான். பழைய ஒலிப்பதிவுகளில் இதைத் தெளிவாகக் கேட்கலாம்.

இப்போது பீத்தோவனுக்கு வருவோம். 'ஃபூர் எலீஸ்' மும்மூன்றாக நடக்கும் இசை. புலேரியா சுற்றின் முதல் பாதியும் மூன்று மூன்று. ஆக, உள்ளே நுழைய வாசல் திறந்தே இருக்கிறது. சிக்கல் இரண்டாம் பாதியில்: மெட்டு மூன்றாகவே போக நினைக்கும், தாளம் இரண்டாக வெட்டும். அந்த இழுபறியை மறைக்காமல், அதையே ருசியாக்கிப் பத்தில் கொண்டுவந்து மூடுவதுதான் வித்தை. கடன் வாங்கிய மெட்டை அப்படியே வாசிப்பது யாருக்கும் முடியும். அதைத் தன் ஊர்த் தாளத்துக்குப் பணிய வைப்பதற்குத் தாளம் உடம்பில் ஊறியிருக்க வேண்டும்.

[திரையில்: வலது கை, மிக அருகில்]

அடுத்து கையைப் பாருங்கள். வேலையில் பெரும்பகுதி கட்டைவிரலுக்குத்தான். அது கம்பியைத் தொட்டு மேலே எழுவதில்லை. கம்பியை அழுத்தித் தள்ளி, அடுத்த கம்பியின் மேல் போய்ச் சாய்ந்து நிற்கும். விரலின் முழு எடையும் ஒலியில் இறங்கும். இடது கை விரல்கள் கம்பியைத் தட்டியும் இழுத்தும் கூடுதல் சுரங்களை எழுப்பும். அப்போது வலது கை சும்மா இருக்கும். நடுநடுவே விரலால் பலகையில் ஒரு தட்டு. பழைய ஃபிளமெங்கோ கிதாரின் பக்கங்களும் பின்பலகையும் சைப்ரஸ் மரம். எடை குறைவு. ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். மௌனத்தை நம்பி வாசிப்பவருக்கு இதைவிடத் தோதான கருவி கிடையாது.

இந்தப் பாணி அவர் ஒருவர் தலையில் உதித்ததல்ல. மொரோனில் பெப்பே நரஞ்ஞோ என்ற கிதார்க் கலைஞர் இருந்தார். அவர் 19-ஆம் நூற்றாண்டின் மேதை பாக்கோ தெ லூசேனாவின் வழியில் வந்தவர். அந்தக் கிளையில் டியேகோ பூத்தார்.

'டியேகோவுக்கு வேகம் போதாது, நுட்பம் குறைவு' என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. அவர் தன்னைப் பாட்டுக்குத் துணை நிற்பவராகவே வைத்துக்கொண்டார். ஸ்பானியத் தொலைக்காட்சி 1970களின் தொடக்கத்தில் ஃபிளமெங்கோ பாடகர்களை ஊர் ஊராகப் போய்ப் படம் பிடித்தது. அதில் உத்ரேரா ஊரின் ஃபெர்னாந்தா பாட, டியேகோ வாசிக்கும் காட்சி இருக்கிறது. ஃபெர்னாந்தாவுக்குக் கரகரத்த, உடைகிற குரல். சொலேயா என்ற மெதுவான, கனத்த வடிவத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் டியேகோ ஒரு சுரம் வைக்கிறார். அவ்வளவுதான். அங்கே வேகமாக எதையாவது வாசித்திருந்தால் அந்தப் பாட்டு செத்துப்போயிருக்கும்.

சரி, இசைத்தட்டில் ஆர்வமில்லாதவரின் வாசிப்பு நம் காதுக்கு எப்படி வந்தது? இதில் ராணுவ அரசியல் ஒட்டியிருக்கிறது. 1953-இல் சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆண்ட ஸ்பெயினும் அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டன. மொரோனுக்கு அருகில் ஒரு விமானப்படைத் தளம் எழுந்தது, அமெரிக்கர்கள் அந்தப் பக்கம் வந்தார்கள். அப்புறம் 1960களில் டான் போரன் என்ற அமெரிக்கர் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டை எடுத்து, ஃபிளமெங்கோ கேட்க வரும் வெளிநாட்டுக்காரர்களைத் தங்க வைத்தார். கிதார் கற்கும் இளைஞர்கள் அமெரிக்காவிலிருந்து வந்து குவிந்தார்கள். அவர்கள் கையில் டேப் ரெக்கார்டர் இருந்தது.

பாட்டுக் கூட்டங்கள் நாடா நாடாவாகப் பதிவாயின. நாற்காலி இழுபடும் சத்தம், கண்ணாடிக் கோப்பை, சிரிப்பு, பக்கத்தில் யாரோ பேசுவது, எல்லாம் அதில் உண்டு. ஸ்டுடியோவில் ஒருபோதும் கிடைத்திருக்காத டியேகோ இந்த நாடாக்களில்தான் இருக்கிறார். பதிவு செய்த அந்த இளைஞர்களுக்கு நாம் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

1973-ஐ மட்டும் ஒரு நிமிடம் கவனியுங்கள். டியேகோ ஜூலையில் இறந்தார். அதே ஆண்டில்தான் இளம் கிதார்க் கலைஞர் பாக்கோ தெ லூசியாவின் 'என்த்ரே தோஸ் அகுவாஸ்' என்ற கிதார் இசை வெளிவந்து, பிறகு ஸ்பெயின் முழுக்க ஒலித்தது. மின்னல் வேகம், புதிய சுரச் சேர்க்கைகள், உலக மேடைகள். பாக்கோவை நானும் நேசிப்பவன். ஆனால் அதற்குப் பிறகு அந்தலூசியாவின் எந்த ஊருக்குப் போனாலும் இளைஞர்கள் பாக்கோ மாதிரியே வாசிக்கத் தொடங்கியது பெரிய இழப்பு. ஊருக்கு ஊர் மாறும் ருசி மங்கியது.

மொரோனில் அது முழுவதுமாக மங்காமல் காத்தவர்கள் டியேகோவின் தங்கை, அக்கா பிள்ளைகள்: பாக்கோ தெல் கஸ்தோர், ஹுவான் தெல் கஸ்தோர், டியேகோ தெ மொரோன், அகுஸ்தின் ரியோஸ். மாமா வாசித்ததைப் பார்த்துக் கேட்டு வளர்ந்தவர்கள். இதில் அகுஸ்தின் கலிஃபோர்னியாவில் வாழ்ந்து அங்கே அந்த வாசிப்பைப் பரப்பினார். 2000களில் அடுத்த தலைமுறை 'சோன் தெ லா ஃப்ரோந்தேரா' என்ற குழுவாகத் திரண்டது. கிதாரோடு கியூபாவின் 'த்ரெஸ்' என்ற கம்பிக் கருவியையும் சேர்த்து டியேகோவின் புலேரியாக்களை வாசித்தார்கள். 2006-இல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு ஊர்ச் சுண்ணாம்பையே பெயராக வைத்தார்கள். 1963-இல் தொடங்கிய மொரோனின் 'கஸ்பாச்சோ' ஃபிளமெங்கோ விழாவும் இந்தப் பாரம்பரியத்துக்கு ஒரு மேடை.

கடைசியாக என் கருத்து, கிதார் கற்கிறவர்களுக்கு. டியேகோவின் துணுக்குகள் ஒவ்வொரு சுரமும் எழுதி வைக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. சுரங்கள் எளிமையானவை, ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். தயவுசெய்து அங்கிருந்து தொடங்காதீர்கள். அவரே ஒரே துணுக்கை ஒவ்வொரு இரவும் வேறு வேறாக முடித்தவர். முதலில் 12 எண்ணிக்கையைக் கைதட்டி, பேசிக்கொண்டே தட்டினாலும் தவறாத அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஃபெர்னாந்தாவோடு அவர் வாசிக்கும் அந்தத் தொலைக்காட்சிப் பதிவைத் தேடி, கிதாரை மடியில் வைக்காமல் மூன்று முறை பாருங்கள்: முதல் முறை பாடகரின் மூச்சு, இரண்டாம் முறை சுற்றியிருப்பவர்களின் கைகள், மூன்றாம் முறை கட்டைவிரல். எந்த இடத்தில் அவர் வாசிக்காமல் விட்டது உங்களைத் தூக்கிவாரிப்போட்டது என்று நிமிடம், வினாடியோடு கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அந்த இடங்களை நாம் சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம்.